பாம்பை வெட்டியது யார்

ஞாயிறு, இரவு

இன்று கோலா சிலாங்கூர் தேத்தண்ணிக் கடையில், எங்கள் தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய மண்டோர் மறுபடியும் பாம்புக் கதையை எடுத்தார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில், பிள்ளைகள் தூங்கிய தொட்டிலுக்கு அடியில் வந்த நாகத்தை அவர்தான் பாராங் கத்தியால் வெட்டினாராம். தோட்டம் மூடிய பிறகும், அவர் முகம் வாடக்கூடாது என்று "ஆமாங்க மண்டோர்" என்றே சொல்லிவந்தேன்.

இன்று முடியவில்லை.

"இல்லைங்க மண்டோர். வெட்டுனது என் சம்சாரம். நீங்க மேசை மேல ஏறி நின்னீங்க."

கடையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சிநேகிதர் அவர்.

மண்டோர் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "மேசை இல்லடா வேலு, பெஞ்சு. பெஞ்சு மேலதான் ஏறுனேன் லா," என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்தா பாரு மாரியாயி!" என்று எழுந்து நடித்தே காட்டினார். அவள் இறந்த பிறகு இன்றுதான் அவளை அப்படிப் பார்த்தேன்.

முதியோர் வகுப்பில் எழுதக் கற்றபோது முதலில் என் பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினேன். இப்போது யாரும் சொல்லித்தராமல் எழுதுகிறேன்: பாம்பை வெட்டியது மாரியாயி.

தூக்கம் வருகிறது. இன்னொரு தரம் மட்டும். பாம்பை வெட்டியது மாரியாயி.