மாலை போட்ட மூன்றாம் நாள்

மாப்ள, இன்று காலை எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கினேன். எனக்குத்தான். ஒரு மாதமாக உள்ளங்கால் எரிகிறது. அட்டையைப் பிரித்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டு வருடம் நீ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்த வாடை அது. பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். "இதுதான் பாய் இப்ப எனக்கு சென்ட்டு" என்பாய். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லத் தைரியம் வராத ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

நம் தெருவில் உன்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. வேடசந்தூர் நூல் மில்லில் வேலை முடிந்து மில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போகுமுன் பிராந்திக் கடைக்குத்தான் போவாய். ஆனால் மார்கழியில் பழனிக்கு மாலை போட்டுவிட்டால் தைப்பூசம் வரை ஒரு சொட்டு தொடமாட்டாய். "அவன் நெனச்சா நிறுத்திருவான்யா" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது, எனக்கும்தான். மாலை காலத்தைத் தவிர மற்ற மாதங்களில் நீ குடிப்பது வருடா வருடம் ஏறிக்கொண்டே போனதை யாரும் பேசவில்லை. நீ குடித்த கடைசி வருடம் ஷிஃப்டுக்குப் போகுமுன் காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் கிளம்பினாய். இல்லாவிட்டால் கை நடுங்கி, அறுந்த நூலை ஒட்ட முடியாது என்றாய். அதைக் கேட்டு நான் சிரித்தேன் மாப்ள. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த மார்கழி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, பசியே இல்லை என்று லேபுக்கு வந்தாய். நானே ரத்தம் எடுத்தேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் கெடுவதைக் காட்டும் ஜிஜிடி முந்நூற்றுப் பன்னிரண்டு. அறுபதுக்குள் இருக்க வேண்டியது. சிவப்பணுக்களும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் வேலையில் இருப்பவன் முதலில் குடியைத்தான் நினைப்பான்.

"ரெண்டு நாளா கம்மியாத்தான குடிச்சேன்?" என்று என்னிடமே மழுப்பினாய்.

"ரெண்டு நாள் கதையெல்லாம் இதுகிட்ட செல்லாது மாப்ள. இது பல வாரக் கணக்கு."

"சரி விடு. நாலு நாள்ல மாலை போட்டுருவேன். நின்னுரும்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். ரம்ஜானில் முப்பது நாள் நோன்பு பிடித்துப் பழகியவன் நான். விடியுமுன் ஸஹர் சாப்பாடு முடிந்ததும் பொழுது சாயும் வரை தண்ணீர் கூடத் தொடமாட்டோம். நிறுத்துவது என்றால் எனக்கு மன உறுதி, அவ்வளவுதான். குடித்தே அறியாதவன். "கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன், டாக்டரைப் பாக்கிறேன்னு இழுத்துக்கிட்டு இருக்காத. ஒரே வெட்டா வெட்டிரு. உன்னால முடியும்" என்று உன் முதுகில் தட்டினேன். டாக்டரிடம் போகாதே என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னவன் நான். நீயும் தலையை ஆட்டினாய்.

மாலை போட்ட மறுநாள் தெருவில் உன்னைப் பார்த்தேன். பச்சை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மார்கழிக் குளிரில் உனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ சட்டையில் சிந்தியது. "உடம்பு கழுவுது சாமி, பொறுத்துக்க" என்றேன். பெரிய வைத்தியர் மாதிரி!

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு உன் மனைவி ஃபோன் செய்தாள். குரலில் பயத்தைவிடப் பரவசம்தான் அதிகம். "அண்ணே, அவருக்கு சாமி வந்திருக்குண்ணே. சீக்கிரம் வாங்க."

வந்து பார்த்தால் வீடு கொள்ளாத கூட்டம். சூடம் எரிகிறது. நடுவில் நீ நின்றுகொண்டு, ஆள் உயரத்தில் காற்றில் எதையோ இரண்டு விரலால் பிடித்து இழுத்து, திரித்து, ஒட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு அடி நகர்ந்து மறுபடி அதையே செய்தாய். பக்கத்து வீட்டு அக்கா கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, எம்மகளுக்கு எப்ப கல்யாணம் தகையும்?" என்று கேட்டது. நீ அது பக்கம் திரும்பாமலே, "ஆறாம் நம்பர் ஓடல, ஆறாம் நம்பரைப் பாரு" என்று கத்தினாய். "ஆறு மாசத்துல நடந்துரும்" என்று கூட்டத்தில் ஒருவர் அர்த்தம் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதமே கல்யாணம் ஆனது. நீ வாக்குச் சொன்னதாக அந்த அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் மில்லில் ஆறாம் நம்பர் என்பது நீ பார்க்கும் மெஷின் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி எண்ண முடியாத வேகம். உடம்பு கொதித்தது. என் முகத்தையே பார்த்தாய், நான் யாரென்று உனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, எங்கள் லேபுக்கு ரத்தம் அனுப்பும் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்ப குடிச்சார்?" மூன்று நாளாகிறது என்றேன். "தினமும் குடிச்ச ஆளை ஒரேயடியா நிறுத்த விட்டது யாரு? இதுல உயிரே போகும். உடனே கொண்டு வாங்க."

உள்ளே போனேன். தொழுகைக்குப் போகிற பாய், சூடம் எரிகிற வீட்டில் நின்றுகொண்டு, இது சாமி இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனாலும் சொன்னேன். "தங்கச்சி, இது சாமி இல்லம்மா. குடியைத் திடீர்னு விட்டதால வந்தது. ஆசுபத்திரிக்குப் போகணும்." கூட்டம் என்னை முறைத்தது. "மாலையோட ஆசுபத்திரியா? தெய்வக் குத்தமாயிரும்" என்றார் ஒரு பெரியவர். உன் மனைவி உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சாமியா இருந்தா ஆசுபத்திரிக்கும் கூட வரும்ல? ஆட்டோவைக் கூப்புடுங்கண்ணே."

ஆஸ்பத்திரியில் யாரும் மாலையைக் கழற்றச் சொல்லவில்லை. "அது பாட்டுக்குக் கழுத்துல கெடக்கட்டும், ஊசி கையிலதான" என்றார் நர்ஸ் அக்கா. முதலில் பி காம்ப்ளெக்ஸில் இருக்கிற அந்த பி ஒன் வைட்டமின் ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ். மாற்றிப் போட்டால் மூளைக்குக் கேடு வரலாமாம். நரம்பை அமர்த்த மாத்திரை, அதையும் நாள்தோறும் அளந்து அளந்து குறைத்தார்கள். இத்தனை வருடம் குடி அமுக்கி வைத்திருந்த நரம்பு, அது இல்லையென்றதும் துள்ளி எழுந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அறையில் விளக்கு எரிய வேண்டும், கூட்டம் கூடாது, தெரிந்த குரல் ஒன்று மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். நானும் உன் மனைவியும் மாற்றி மாற்றிப் பேசினோம். நான் நம் தெருவில் இருக்கிற வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே நான்காம் நாள் மதியம் கண்ணைத் திறந்து, "பாய், பிரியாணி வாசம் உன் மேலயா அடிக்குது?" என்றாய். "மாலை போட்டிருக்கடா" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு உன்னால் பழனிக்கு நடக்க முடியவில்லை. மாலையைக் கழற்றும் நாள்தான் ஊரில் பல பேருக்கு மறுபடி குடிக்கிற கொண்டாட்டம். அன்றைக்கு நீ நேராக லேபுக்கு வந்து சாயங்காலம் வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். டாக்டர் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வந்து ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாய். ஜிஜிடி சீக்கிரமே இறங்கிவிட்டது. அணுக்களின் பருமன் மட்டும் குறைய நாளானது. பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்றேன். "அப்ப இன்னும் பாதி ஆளு பழைய குடிகாரன்தானா?" என்று சிரித்தாய். உன் அக்கா இறந்தபோது ஒரு பத்து நாள் சறுக்கினாய். யாரும் இழுத்து வரவில்லை, நீயே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு ஆறு வருடம் உன் ரத்தத்தில் குடித்த தடயமே இல்லை.

உன் நெஞ்சு நின்றுபோன அன்று, பந்தலில் ஒருவன் "குடிச்ச உடம்பு, எத்தனை நாள் தாங்கும்" என்றான். நான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஏலே, அவன் ரத்தத்தைப் பாத்தவன் நான். உன் ரத்தத்தைக் கொண்டு வா, பாப்போம்." பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அன்னைக்கு ஒரே வெட்டா நிறுத்துன்னு சொன்னது நான்தாம்மா. டாக்டர் வேணாம்னு சொன்னதும் நான்தான்."

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "தெரியும்ணே" என்றாள். "சொரத்துல உளறுனதுல பாதி அதான். 'பாய் வெட்டச் சொன்னான், வெட்டிட்டேன்'னு."

"அப்ப ஏன்மா இம்புட்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கத்தான் இருந்தேன். தெளிஞ்சதும் அவரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'அவன்கிட்ட கேட்டுராத. விவரம் தெரியாமத்தான் சொன்னான். ஆனா ஊர்ல அம்புட்டுப் பேரும் கம்மியா குடிடான்னுதான் சொன்னாங்க. உன்னால முடியும், நிறுத்துன்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான்'னாரு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

இப்போதெல்லாம் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், ஆளை உட்கார வைத்துப் பேசாமல் அனுப்புவதில்லை மாப்ள. மாலை போடப்போகிறவரா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். உங்களால் முடியும், நிறுத்துங்கள் என்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் மருந்து கொடுத்து நிறுத்தச் சொல்கிற மாதிரி நிறுத்துங்கள் என்றும் சொல்கிறேன். முன்னதை உனக்கும் சொன்னேன். பின்னதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, என்னை மன்னித்துக்கொள்.