கால் செவந்த பூநாரை

எங்கண்ணு தேவகிக்கு பழவேற்காட்டுலேர்ந்து உன் நைனா எழுதறது. இங்க நான் பல்லு ரெண்டு போனதைத் தவிர சுகம், உங்கம்மா என்னைத் திட்டற அளவுக்குத் தெம்பா இருக்கா, அங்க நாகப்பட்டணத்துல நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ருக்குவும் சுகமா இருக்கணும்னு எல்லம்மாவை வேண்டிக்கிறோம்.

ஒல்லாந்தர் துணிக் கப்பல்ல உன் காயிதம் வந்துச்சு. ருக்கு கால்ல செவப்புப் புள்ளி, சொறிமீன் பட்டிருக்கும்னு மாப்பிள்ளை சொல்றாருன்னு எழுதியிருக்கே, அவருக்கு மீனைத் தின்னத்தான் தெரியும், நான் சொன்னேன்னு சொல்லிடாத. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம் கண்ணு. உங்கண்ணன் தாமோதரன் மகன் பொன்னுரங்கம் ஏரியில எறங்கி கையால இறால் தடவிப் புடிச்சுட்டு வந்தான், கால் பூரா புள்ளி, உங்கம்மா சொறிமீன்தான்னு சுண்ணாம்பு தடவுனா, நான் சிறுத்தைக்குட்டின்னு கேலி பண்ணேன். பொன்னேரி வைத்தியர் வந்து அழுத்திப் பாத்துட்டு, சொறிமீன் பட்ட செவப்புன்னா வெளுக்கும், இது வெளுக்கல, ரத்தக்குழாய் புண்ணாகி உள்ள கசியுதுன்னாரு. இந்த நோய்க்கு நாலு குறின்னு பாட்டாவே பாடிட்டாரு. அரிச்சுவடியையே பாதியில விட்டவனுக்குப் பாட்டு எங்க நிக்கும், மணல்ல ஒரு பூநாரை வரைஞ்சு வெச்சுக்கிட்டேன். கால் செவப்பு, அது புள்ளி. முட்டி உருண்டையா பொடைச்சிருக்கு, அது மூட்டு வீக்கம். வயித்துல முழுங்கின விலாங்கு நெளியுது, அது வயித்துவலி. நிக்கிற தண்ணி செவப்பு, அது மூத்திரத்துல ரத்தம். பையன் பாத்துட்டு, இன்னா தாத்தா, பூநாரைன்னுட்டு உன் காலை வரைஞ்சு வெச்சிருக்கேன்னு சிரிச்சான். அப்புறம் ஒவ்வொரு குறியா வர வர, விடிஞ்சா அவனே, பறவைக்கு முட்டி வந்துச்சு, விலாங்கு வந்துச்சுன்னு சொல்லுவான். பின்னாடி வலியும் போச்சு புள்ளியும் மங்குச்சு, தீந்துச்சுன்னு உங்கண்ணன் வலையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். ஒருநாள் காலையில கொல்லையிலேர்ந்து, தாத்தா, பறவைக்குத் தண்ணி வந்துடுச்சுன்னு கத்துறான், அவனுக்கு அது வெளையாட்டு. மூஞ்சி வீங்கி, மூத்திரம் நின்னு, தை பொறக்கறதுக்குள்ள போயிட்டான். உனக்கு எழுதக் கை வரல. உங்கண்ணன் இன்னும் வலையத் தொடல.

நீ அழுதுட்டு உக்காராத. நெறைய பிள்ளைங்களுக்குத் தானா அடங்கிடும்னு வைத்தியரே சொன்னாரு. ஆனா புள்ளி போச்சுன்னு விட்டுடாத, அதுக்கப்புறமும் மாசக்கணக்கா, காலையில அவ மூத்திரத்தை வெள்ளைப் பீங்கான்ல புடிச்சுப் பாரு, மீன் கழுவின தண்ணி மாதிரி இருந்தா அன்னிக்கே வைத்தியர்கிட்ட ஓடு, மாப்பிள்ளை தூங்கினா தூங்கட்டும்.

எல்லம்மா உங்க மூணு பேரையும் காப்பாத்துவா. தினம் பாக்க மறந்துடாத. கீழ பூநாரை வரைஞ்சிருக்கேன், ருக்குவுக்குக் காட்டு, தாத்தா மூக்குன்னு சிரிப்பா. அது காஞ்ச மணல்ல நிக்குது. தண்ணி நான் போடல, அவளும் போட வேணாம்.

உன் நைனா
ஆதிநாராயணன்