கும்பாத் தண்ணீர் அசையவில்லை

அக்கா,

இன்று காலை பாலை அடுப்பிலிருந்து இறக்கும்போது தரை இடப்பக்கமாக நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் சிந்தவில்லை. உறி ஆடவில்லை. அடுத்த வீட்டுப் பெண் வாசலில் கை நிறுத்தாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

அதன் பிறகுதான் உங்கள் வெண்கலக் கும்பாவை எடுத்தேன். புளி போட்டுத் துலக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, இந்த மேசையில் வைத்திருக்கிறேன். மேலே தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. திறந்து பார்க்கத் துணிவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் இருவருக்கும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை, ஒரே வாடகை வீடு. நீங்கள் தையல், நான் பூகோளம். என் பாடத்தை நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. "அம்புட்டு வேகமா பூமி சுத்துதுங்கிற. ஊசியில நூல் கோக்குதேன், ஒரு தடவகூடக் கை தவறலயே. உன் பூமி எனக்குன்னு நின்னு நின்னு சுத்துதாக்கும்?" என்பீர்கள். ஒரே சீராக ஓடுவதை உடம்பு அறியாது, வேகம் மாறினால்தான் அறியும் என்று கல்லூரியில் படித்ததை அப்படியே ஒப்பிப்பேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. கரும்பலகையில் ரவிக்கைக்கு அளவு வரைந்துகொண்டிருந்த நீங்கள், திடீரென்று பலகையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்த பிள்ளைகளும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கேட்டீர்கள்.

"ஏட்டி, மத்தியானம் தரை நழுவுச்சே, ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பூமி ஒரு எட்டு இடறுனா மாதிரி இருந்துச்சு."

"பூமி இடறினா ஒங்களுக்கு மட்டுமா தெரியும்? எல்லாருக்கும் சேர்ந்துல்ல தெரியும்."

"எல்லாரும் சேர்ந்துன்னா எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றீர்கள். அந்தப் பேச்சில் ஒரு பிடிமானம் இருந்தது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் தம்பி வீட்டுக்கு ரயிலில் ராஜபாளையம் போனோம். ரயில் சீராக ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டால் ஓடுவதே தெரியாது என்று காட்ட நினைத்தேன். மூடிக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "நின்னுட்டு, ரயிலு நின்னுட்டு" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காடு அதே வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரில் இருந்த கிழவர், "நின்னா நான் எறங்கி வெத்தல வாங்கிருக்க மாட்டேனாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

ஊர் திரும்பியதும், சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று நான்தான் இந்தக் கும்பாவில் தண்ணீர் நிரப்பினேன். தரை துளி அசைந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். சனிக்கிழமை பிற்பகல். ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெயில் தண்ணீரின் மேல் ஒரு காசளவு விழுந்திருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். "இப்போ!" என்று நாற்காலியைப் பற்றினீர்கள். இருவரும் கும்பாவைப் பார்த்தோம். அந்த வெயில் வட்டம் நடுங்கக்கூட இல்லை.

"பாத்தீங்களா? பூமி அதுபாட்டுக்கு ஓடுது!" என்று கைதட்டினேன். ஜெயித்த சந்தோஷம்.

தண்ணீரையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்: "அப்போ ஆடுறது நாந்தான்."

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் உள்ளங்கை கூசுகிறது. மேசைக்காலை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். தண்ணீர் ஆடியிருக்கும். நானும் "ஆமாக்கா, எனக்கும் தெரிஞ்சுது" என்று சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் பூமியின் மேல் பழி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

மதுரையில் டாக்டர் உங்கள் தம்பியைத் தனியே அழைத்து, மண்டைக்குள் கட்டி என்றார். வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே போய்விட்டீர்கள். தம்பி வீடு அவர் வேலை பார்த்த பஞ்சாலையின் மதிலை ஒட்டி இருந்தது. இயந்திரங்கள் ஓடும்போது தம்ளர்கூடச் சன்னமாகக் கிணுகிணுக்கும். உங்களைப் பார்க்க வந்தபோது, இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்க எல்லாருக்கும் தரை அதிருதுல்லட்டி. எனக்கு மட்டும்னு இல்ல" என்றீர்கள். பிறகு, "ஞாயித்துக்கெழம மில்லு நின்னுருது. அன்னைக்குத்தான் பயமா இருக்கு."

நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பூமியின் சுழற்சி உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் வருகிறது. எந்த உடம்புக்கும் எட்டாத அளவு, மெல்ல மெல்ல. கல்லூரியில் அதைக் கேட்டபோது வியப்பாக இருந்தது. இப்போது அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இடறுவது தெரிந்துவிடும். தெரியாமல் குறைந்துகொண்டே வருவதை எதைக் கொண்டு அறிவது? என் தலைக்குள் எத்தனை மாதமாக என்ன நடக்கிறதோ? நீங்கள் இறந்துபோன வயதை இந்த வருஷம் நானும் தொட்டிருக்கிறேன்.

வெறும் பித்தமாக இருக்கலாம். பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் உங்களுக்கு ஒருமுறை அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் தண்ணீரை நேராகப் பார்த்தீர்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொன்னீர்கள். அந்த மூன்று சொல்லைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மறுபடி தரை நழுவும்போது தட்டை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிக்கொண்டே வந்ததில் இப்போதுதான் கவனித்தேன், அக்கா. என் முழங்கால் மேசைக்காலை ஒட்டியே இருக்கிறது.