கராத்தாவில் ஒரு சலவைக்கடை

கராத்தா, மேற்கு ஆஸ்திரேலியா, 6 மார்ச் 2011

அன்புள்ள டேரில்,

நலம்தானே? போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

சலவைக்கடை ஓட்டமாக ஓடுகிறது. இரும்புச் சுரங்கத்திலிருந்து வருகிற உடுப்பெல்லாம் ஒரே செம்மண். கிரேன் ஓட்டுகிற மெர்வ் நேற்றுச் சொல்கிறான், "உன்கிட்ட குடுத்தா சட்டையில செவப்பும் போகுது, பையில காசும் போகுது லியான்." சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை நீட்டுகிறான். இங்கே யாருக்கும் துவைக்க, சமைக்க நேரமில்லை. முடிவெட்டுகிறவர், ரொட்டி சுடுகிறவர், டயர் மாற்றுகிறவர், யார் கடை போட்டாலும் வாசலில் கூட்டம். தோண்டத் தோண்ட, இரும்பை ஏற்றிப்போகக் கப்பல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எரிவாயு ஆலையில் உன்னைப் போன்ற ஃபிட்டர்களைத் தேடுகிறார்கள். வந்துவிடேன்.

அன்புடன்,
லியான்

கோலி, 24 ஏப்ரல்

அன்புள்ள லியான்,

கடை நன்றாகப் போவதில் சந்தோஷம். இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். நீ சொல்வது சரிதான், பிழைப்பு அங்கேதான்.

இருந்திருந்தால் நேற்று நம் டீகனுக்குப் பதினொரு வயது முடிந்திருக்கும். கல்லறையில் புல்லை வெட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் அடுத்த வீட்டு பெரில் வேலியோரம் நின்று, "லியான் எப்பப்பா வரா?" என்றாள். "கடை புதுசு, கொஞ்ச நாளாகும்" என்றேன். "ஆத்துல போனது பிள்ளை மட்டும்னுல்ல நெனச்சேன்" என்றாள். பொல்லாத வாய். ஆனாலும் கேக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

உன் கடிதத்தில் டீகன் பேரைத் தேடினேன்.

உன்,
டேரில்

கராத்தா, 19 ஜூன்

அன்புள்ள டேரில்,

சுரங்க முகாம் ஒன்றின் படுக்கை விரிப்பு முழுவதும் இனி என் கடைக்குத்தான். பெரிய கொட்டகை எடுத்திருக்கிறேன், வேலைக்குப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஓய்வே இல்லை. இல்லாததும் நல்லதுதான்.

வீட்டில் உனக்கும் இடமிருக்கிறது. ஒரு முறை வந்து பார். பார்த்துவிட்டுச் சொல்.

லியான்

கோலி, 28 ஆகஸ்ட்

அன்புள்ள லியான்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சை விமானத்தில் சாப்பிட்டேன்.

உன்னைத் திரும்ப அழைத்துப் போகத்தான் அங்கே வந்தேன். கடைக்குள் நுழைந்தபோது நீ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது. என்னைப் பார்த்ததும் அது நின்றுபோனது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும்.

அப்புறம் உன் கடையில் வேலை செய்கிற அந்த லூபே, துணி மடித்துக்கொண்டே, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன்பே நீ, "இல்ல" என்றாய்.

அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் டீகனே இருந்திராத ஊரில் என்னால் இருக்க முடியாது லியான். இருந்த ஊரில் உன்னால் முடியவில்லை. இதில் யார் மேல் குற்றம் சொல்ல? இனி உன்னை வா என்று கேட்க மாட்டேன். நீயும் என்னைக் கேட்காதே.

டேரில்

கராத்தா, 18 செப்டம்பர்

அன்புள்ள டேரில்,

உன் கடிதத்தைப் பல நாள் திறந்து திறந்து மூடினேன்.

ஆம் என்றால் எத்தனை வயது என்பார்கள், எந்தப் பள்ளிக்கூடம் என்பார்கள். அதனால்தான் இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். நேற்று லூபேயிடம் நானாகவே சொன்னேன், "ஒருத்தி இருந்தா. டீகன்னு பேரு." அவள் எதுவும் கேட்கவில்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நான் திரும்பி வரப்போவதில்லை. அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டி என்னால் வீட்டுக்குள் வர முடியாது. நீயும் இனி காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே வேலையே இல்லாமல் போனாலும் ஊரைவிட்டுப் போய்விடாதே. நீ அவள் பக்கத்தில் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இங்கே நான் தூங்குகிறேன்.

இப்படிக்கு,
டீகனின் அம்மா