தேங்காய் உடைத்துக் கொடுத்த கார்

1974 ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இன்று என் மனைவி செல்லம்மா செய்த காரியத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெட்ரோல் விலை ஏறிய பிறகு தெமோதரையில் என் காரை யாரும் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கூப்பிடுவதில்லை. தவணை கட்ட முடியாமல், கடனுக்குக் கார் தந்த கம்பனியிடமே அதைத் திருப்பிக் கொடுக்கப் பதுளைக்குப் போனோம். ஊவா மாகாணத்திலேயே என்னைப்போல் வண்டி ஓட்ட ஆள் கிடையாது. அது வேறு கதை.

"காரை வித்த பிறகும் கடன்ல மிச்சத்தை நீங்கதான் கட்டணும்" என்றார் கம்பனி மேனேஜர். நான் புலிபோல் சீறியிருப்பேன். தொண்டை கட்டியிருந்தது.

காரை வாங்க வந்த பண்டாரவளை முதலாளி வாசலிலேயே நின்றார். செல்லம்மா பையிலிருந்து தேங்காயை எடுத்தாள்.

"மொதலாளி, வாங்குறப்ப கற்பூரம் காட்டித்தான் ஏறினோம். குடுக்கிறப்பவும் காட்டணும். ஆனா மிச்சத்துக்கு என் தாலிக்கொடியைத்தான் விக்கணும். வயிறெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க கற்பூரம் ஏத்துறது?"

முதலாளி கையைப் பின்னுக்கு இழுத்தார். "கண்ணீர் பட்ட வண்டி எனக்கு வேணாம்" என்று மேனேஜரைப் பார்த்தார். " அவங்க கணக்கை முடிங்க, எடுத்துக்கிறேன்."

வந்த விலையும் போய்விடுமே என்று மேனேஜர் 'பாக்கி இல்லை' என்று எழுதிச் சீல் குத்தினார். பதுளையே திரண்டு பார்த்தது, ரயில்கூட நின்றது. அவள் கற்பூரம் ஏற்றி, ஒரே அடியில் தேங்காயை உடைத்தாள். மகாராணி!

பஸ்ஸில் திரும்பினோம். அந்தத் தேங்காயில்தான் ராத்திரிச் சம்பல். நாளை தோட்டத்து லயத்தில் சொல்லும்போது, உடைத்தது நான் என்று சொல்லலாமா? வேண்டாம், அடி அவளுடையது. சத்தம் மலைகளுக்கு அப்பால் கொஸ்லந்த வரைக்கும் கேட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.