பாதியில் நிறுத்தின பாட்டு

பெர்லின்

அன்புள்ள மாமாவுக்கு,

அறிவுமதி எழுதுறேன். இங்க நான் நல்லா இருக்கேன். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? அத்தைக்கு முட்டிவலி கம்மியாச்சா?

போன்ல சொன்னா பாதியிலயே பதறிடுவீங்க, அதான் எழுதுறேன். பெருசா ஒண்ணும் இல்ல. போன வாரம் ஜாஸ் கச்சேரில நான் தனியா சாக்ஸபோன் வாசிக்கிறப்ப, ஹால் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிய பூ வச்ச சவ வண்டி ஒண்ணு மெதுவா போச்சு. என்னை அறியாம நிறுத்திட்டேன். கீழ்பென்னாத்தூர்ல கல்யாண ஊர்வலம் சாவு வீட்டைத் தாண்டுறப்ப நீங்க டிரம் குச்சியைத் தூக்குவீங்களே, நம்ம பேண்ட் செட்டே கப்சிப்னு ஆயிடுமே, அந்தப் பழக்கம்தான். வண்டி தாண்டினதும் விட்ட இடத்துலயே எடுத்தேன்.

ரமணாசிரமம் பக்கத்து கஃபேல என் வாசிப்பைக் கேட்டு இங்க கூட்டிட்டு வந்த மார்த்தா, ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். ஆனா மறுநாள் பேப்பர்ல, இப்படி ஒரு மௌனத்தை ஜாஸ்ல கேட்டதே இல்லைன்னு விமர்சகர் ஒருத்தர் எழுதியிருக்கார் மாமா! அடுத்த கச்சேரி போஸ்டர்ல என் பேருதான் மேல. இதை எங்க கத்துக்கிட்டேன்னு மார்த்தா கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பேண்ட் செட்லன்னு ஜம்பமா சொன்னேன். பொம்பளைக்கு எதுக்கு சாக்ஸபோன்னு கேட்ட உங்க சித்தப்பாகிட்டயும் சொல்லுங்க.

குளிர் ஜாஸ்தி. உங்க பழைய லுங்கி ஒண்ணு அனுப்புங்க, சாக்ஸபோன் துடைக்கத்தான். ரிகர்சலுக்குக் கூப்பிடுறாங்க, போறேன்.

உங்க
அறிவு

லுங்கியைத் துவைச்சுடாதீங்க. அப்படியே அனுப்புங்க.