ஒட்டிக்கொண்ட ரப்பர் ரிங்

வியாழன், இரவு பத்து மணி

பார்த்தேன் என்றுதான் சொன்னேன். ஆனால் பார்க்கவில்லை.

கல்கத்தாவில் அண்ணனை 'தாதா' என்பார்கள். அனிர்பன் தாதாவின் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்று ஆயில் கூலர் மாட்டியது நான்தான். பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூலரின் பிளேட்டை வைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஃபில்டரோட பழைய ரப்பர் ரிங்கும் கூடவே வந்துச்சான்னு பாத்தியாடா? காலேஜ் மாதிரி இதையும் பாதியில விட்டுடாதே" என்றார் கராஜ் முதலாளி மணி அண்ணன்.

"பாத்தேண்ணே" என்றேன், எரிச்சலில்.

"பாலோ காஜ், பாய்", நல்ல வேலை தம்பி, என்று தோளில் தட்டிவிட்டு தாதா வண்டியை எடுத்துப் போனார். பிறகு பெருக்கும்போதுதான் பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தேன். அதில் ரிங் இல்லை. அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்தான் பிளேட்டின் புது ரிங்கை வைத்து இறுக்கியிருக்கிறேன். வேகமாகப் போகும்போது பிதுங்கினால் ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். நடுரோட்டில் என்ஜின் இறுகிப்போகும்.

விடிகாலையில் தாதா மகளோடு இதே காரில் திகா கடற்கரைக்குப் போகிறார்.

ஏழு மணிக்கே எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கிரிக்கெட்கூடப் பார்த்தேன். இப்போது போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். வீடு லேக் கார்டன்ஸில்தான். எழுப்பித்தான் சொல்ல வேண்டும். மணி அண்ணனிடம் என்ன சொல்வது என்று அப்புறம்...

கிளம்புகிறேன்.